மூங்கில் இலையில் வாழும் சிலந்திப்பேன்: கூட்டிலிருந்து ஆண் வரை, வீட்டிலேயே அடையாளம் காணும் முறை

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் நான்கு தொட்டிகளில் மஞ்சள் மூங்கில் வைத்திருக்கிறேன். போன பிப்ரவரியில் இலைகளின் மேற்பக்கம் நரம்புகளுக்கு இடையே நீள நீளமாக வெளுக்கத் தொடங்கியது. செடி வாங்கிய இடத்தில் கேட்டபோது சத்துக் குறைவு என்று சொல்லி ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். ஒரு மாதம் ஊற்றியும் வெளுப்பு கூடிக்கொண்டேதான் போனது. பிறகுதான் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். மேலே எங்கெல்லாம் வெளுத்திருந்ததோ, அடியில் அதே இடங்களில் நத்தை ஊர்ந்து காய்ந்ததுபோல் மெல்லிய பளபளப்பு. கைலென்ஸை வைத்ததும் அது கூரையாகத் தெரிந்தது. பட்டு இழையால் நெருக்கமாக வேய்ந்த கூரை. அதனடியில் முட்டையும் குஞ்சுமாகச் சிலந்திப்பேன்களின் ஒரு குடும்பமே நடமாடிக்கொண்டிருந்தது. தலைப்பேன் அன்று இது; இலைச்சாற்றை உறிஞ்சி வாழும், சிலந்திக்கு உறவான மிகச் சிறிய உயிர்.

அன்று முதல் மூன்று மாதம் இதிலேயே மூழ்கிக் கிடந்தேன். தொடங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேவையானவை

20 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், மிக மெல்லிய ஓவியத் தூரிகை, 70 சதவீத எத்தில் ஆல்கஹால், லாக்டிக் அமிலம், ஸ்லைடு, கவர் ஸ்லிப், ஒரு நுண்ணோக்கி. கணினியில் செருகிப் பார்க்கும் மலிவான கேமரா நுண்ணோக்கிகளை வாங்காதீர்கள். படம் பெரிதாகும், விவரம் கூடாது. கல்லூரி மாணவர்கள் பயன்படுத்தும் பழைய நுண்ணோக்கி ஒன்று இரண்டாங்கையாகக் கிடைத்தாலும் போதும். 40 மடங்கு பொருளருகு லென்ஸ் மட்டும் கீறலில்லாமல் இருக்க வேண்டும்.

முதல் படி: கூட்டைக் கலைக்காமல் பாருங்கள்

பலரும் இலையைப் பறித்ததும் பேனைத் தூரிகையால் எடுத்துவிடுகிறார்கள். மூங்கிலைப் பொறுத்தவரை அது பெரிய இழப்பு. ரோஜாவிலும் அவரையிலும் வரும் இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன், அதாவது டெட்ரானிக்கஸ் அர்டிகே, ஒழுங்கில்லாமல் நூலாம்படை போல வலை விரிக்கும். மூங்கிலில் வாழும் ஸ்டிக்மேயாப்சிஸ் பேரினம் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுப்பு) இலையின் பள்ளத்தை மூடித் திட்டமான கூடு கட்டும். இரண்டையும் பார்த்த மாத்திரத்திலேயே பிரித்துவிடலாம்.

அந்தக் கூட்டின் அளவுக்கும் ஒரு கதை உண்டு. ஸ்டிக்மேயாப்சிஸ் என்ற பெயரை 1917இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் நாதன் பேங்க்ஸ் வைத்தார். பின்னாளில் அதை ஸ்கைசோடெட்ரானிக்கஸ் பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஜப்பானின் யுடகா சைட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் அந்தப் பேரினத்தை மீட்டு, இரண்டு புதிய சிற்றினங்களையும் விவரித்தார்கள். ஒரே சிற்றினம் என்று எண்ணியிருந்த பேன்களில் சில பெரிய கூடு கட்டின, சில சிறிய கூடு கட்டின; முதுகு மயிரின் நீளமும் அதற்கேற்ப மாறியது. ஆகவே கூட்டின் நீள அகலம் வெறும் அலங்காரத் தகவல் அன்று, அடையாளத்தில் ஒரு பங்கு.

இலையின் அருகே மில்லிமீட்டர் கட்டத்தாளை வைத்துப் படம் எடுங்கள். குறைந்தது இருபது கூடுகளை அளந்துவிடுங்கள். நடுநரம்பை ஒட்டியா, ஓரத்திலா, உள்ளே எத்தனை முட்டை, எத்தனை வளர்ந்த பேன், கரும்புள்ளிகளாகத் தெரியும் கழிவு ஓரிடத்தில் குவிந்திருக்கிறதா, சிதறியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். உடல் நிறத்தையும் இப்போதே எழுதிவிட வேண்டும். ஆல்கஹாலில் போட்டால் நிறம் போய்விடும். எங்கள் மாடியில் இருந்தவை வெளிர் மஞ்சள் கலந்த பச்சை. பக்கங்களில் கரும்பச்சைத் திட்டுகள்.

இரண்டாம் படி: பிடிப்பது

ஆல்கஹாலில் நனைத்த தூரிகை நுனியால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். எட்டுக் கால் இருந்தால் வளர்ந்ததோ இளம்பருவமோ. ஆறு கால் இருந்தால் முட்டையிலிருந்து வந்த முதல் பருவம், அதை விடுங்கள். பேரிக்காய் வடிவில் பளபளவென்று, மற்றவற்றைவிட வேகமாக ஓடுவது பெரும்பாலும் இவற்றைத் தின்னும் வேட்டைப்பேன். முதல் வாரம் அதையே ஆண் என்று நினைத்து ஏழெட்டைச் சேகரித்துவிட்டேன். ஆண் பேன் பெண்ணைவிடச் சிறியது, பின்பக்கம் கூம்பிச் செல்லும். கடைசித் தோலுரிப்புக்காக அசையாமல் கிடக்கும் பெண்ணின் அருகே காத்துக்கொண்டிருக்கும். அங்கேதான் தேட வேண்டும்.

மூன்றாம் படி: தெளியவைப்பது

லாக்டிக் அமிலத்தில் ஓரிரு நாள் கிடந்தால் உடல் கண்ணாடிபோல் ஆகிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுச் சூடாக்க வேண்டாம். நெடுநாள் வைக்கும் நிலையான ஸ்லைடில் பேனைப் பதிக்க ஹோயர் கலவை சிறந்தது என்றாலும், அதில் சேரும் குளோரல் ஹைட்ரேட் என்ற நச்சு வேதிப்பொருள் வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளன்று.

நான்காம் படி: ஆணைப் பக்கவாட்டில் படுக்கவைப்பது

என்னை மூன்று வாரம் படுத்தியது இந்தப் படிதான். பெண்ணை முதுகு மேலே இருக்கும்படி வைத்தால் போதும். மயிர்களை எண்ணலாம், அளக்கலாம். ஆணின் இனப்பெருக்க உறுப்பு வேறு விதம். உடலின் பின்முனையில் வளைந்த ஊசிபோல் இருக்கும் அதன் வடிவத்தை வைத்தே பல சிற்றினங்களைப் பிரிக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் அது ஒரு கோடுதான். சரியாகப் பக்கவாட்டில் படுத்தால்தான் வளைவு தெரியும். சிறிது சாய்ந்தாலும் வளைவு பொய்யாகத் தெரியும்.

கவர் ஸ்லிப்பை வைத்ததும் என் ஆண்கள் எல்லாம் தட்டையாகக் கவிழ்ந்துவிட்டன. அழுத்திப் புரட்டப் போய் இரண்டு வெடித்தே போயின. கடைசியில் உதவியது தலைமுடி. ஸ்லைடில் சிறு துளி அமிலம்; நடுவில் ஆண்; துளியின் ஒரு பக்கம் ஒரு தலைமுடித் துண்டு. கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பு முடிமேல் ஏறி உட்காரும், பேன் நசுங்காது. இப்போது நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே, ஊசி நுனியால் கவர் ஸ்லிப்பின் ஓரத்தை மயிரிழை அளவு தள்ளுங்கள். மேசைமேல் பென்சில் உருள்வதுபோல் பேன் மெல்ல உருளும். இருபக்கக் கால்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தித் தெரியும் கணத்தில் கையை எடுத்துவிடுங்கள்.

பிறகு 400 மடங்கில், நுண்திருகை (குவியத்தை நுணுக்கமாக மாற்றும் திருகை) மேலும் கீழும் திருப்பிக்கொண்டே பென்சிலால் வரையுங்கள். புகைப்படத்தில் ஒரு தளம் மட்டுமே விழும்; கை வரையும் படத்தில் எல்லாத் தளங்களும் சேரும்.

ஐந்தாம் படி: பேரினம் வரை

கால் நுனியை, நகங்களுக்கு நடுவே இருக்கும் எம்போடியத்தை, பாருங்கள். டெட்ரானிக்கஸில் அது மெல்லிய மயிர்களாகப் பிரிந்திருக்கும். ஸ்கைசோடெட்ரானிக்கஸ், ஸ்டிக்மேயாப்சிஸ் இரண்டிலும் பிளந்த கொக்கிபோல் இருக்கும். மலவாயை ஒட்டிய மயிர் டெட்ரானிக்கஸில் ஒரு ஜோடி, மற்ற இரண்டிலும் இரண்டு ஜோடி. இதோடு கூட்டையும் சேர்த்து நான் ஸ்டிக்மேயாப்சிஸ் என்று குறித்திருக்கிறேன். சிற்றினப் பெயரை நிபுணர் ஸ்லைடைப் பார்த்துச் சொல்வதே முறை. பெங்களூருவாசிகளுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு: ஜி.கே.வி.கே. (காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திரா) வளாகத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகம் பேன் ஆய்வில் நெடுநாள் பெயர் பெற்றது. தேதி, இடம், மூங்கில் வகை, கூட்டின் அளவு நான்கும் எழுதாத ஸ்லைடை மட்டும் யாரிடமும் கொண்டுபோகாதீர்கள்.

பின்சேர்க்கை

எத்தனை கூடு பிரித்தாலும் ஆணே கிடைக்கவில்லை என்று மூன்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அதற்கு வழி இருக்கிறது. சிலந்திப்பேன்களில் கருவுறாத முட்டையிலிருந்து ஆணே பிறக்கும். கடைசித் தோலுரிப்புக்காக அசையாமல் கிடக்கும் பெண் ஒன்றை மட்டும் தனியே எடுத்து, ஈரப் பஞ்சின்மேல் வைத்த சுத்தமான இலைத்துண்டில் விடுங்கள். ஆணைச் சந்திக்காமலே அது முட்டையிடும். பஞ்சு காயாமல் பார்த்துக்கொண்டு மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அப்படி ஏழு ஆண்கள் கிடைத்தன. இரண்டு சரியாகப் பக்கவாட்டில் படுத்தன.