வக்கீல் ஆபீஸில் மாட்டிக்கொண்ட மஞ்சப்பை

அம்மா போன பிறகு உறையூர் வீட்டை விற்க நானும் அக்காவும் ஒரு வக்கீல் ஆபீஸைப் பிடித்தோம். மூன்று வக்கீல்கள், நாலு ஜூனியர், வாசலில் பித்தளை போர்டு. தாய்ப்பத்திரம் (சொத்து எப்படி வந்தது என்று காட்டும் பழைய பத்திரம்), வாரிசுச் சான்று, பட்டா எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பினோம். அங்கேயே முதல் தப்பு. ஒரிஜினலைக் கொடுக்கும்போது பத்திர எண், வருஷம், எத்தனை பக்கம் என்று எழுதி ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். வக்கீலிடமே கையெழுத்து கேட்பதா என்று கூச்சமாக இருக்கும். இருக்கட்டும்.

கிரய ஒப்பந்தத்தில் மூன்று மாசக் கெடு. வாங்குகிறவர் லோன் போட்டிருந்தார்; பேங்க் வக்கீல் 30 வருஷ வில்லங்கச் சான்றும் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டுவது) தாய்ப்பத்திரமும் கேட்டார். நம் வக்கீல் ஆபீஸுக்கு போன் போட்டால், "சார் கோர்ட்ல இருக்காரும்மா." சாயங்காலம் போட்டால், "இப்பத்தாம்மா கிளம்பினாரு." ஏழு வாரம் ஓடிவிட்டது.

போனில் கத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை. எழுதுங்கள். ஜூனியருக்கு அல்ல, பெரிய வக்கீல் பெயருக்கு. என்றைக்கு என்னென்ன பத்திரம் கொடுத்தோம், எவ்வளவு ஃபீஸ் கட்டினோம், எது இன்னும் பாக்கி, கெடு முடிய எத்தனை நாள், எந்தத் தேதிக்குள் வேண்டும். ஒரே பக்கம், மிரட்டல் கிடையாது. வாட்ஸப்பிலும் அனுப்பி, ஸ்பீட் போஸ்ட்டிலும் போட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்தேன்.

பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நானே எடுத்தேன். பதிவான கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை யார் மனுப் போட்டாலும் சார்பதிவாளர் ஆபீஸில் கொடுப்பார்கள்; இரண்டு நடை நடந்தேன், கிடைத்தது. லோன் கொடுக்க ஒரிஜினல் வேண்டும்தான். ஆனால் சொத்துரிமை சரிதானா என்று பார்த்துச் சொல்லும் ஒப்பீனியன் வேலையைத் தொடங்க அந்த நகலே போதுமென்றார் பேங்க் வக்கீல். வாங்குகிறவரிடமும் கெடுவை நீட்டி எழுதி வாங்கினோம். வாய்வார்த்தை ஆகாது.

இதற்கிடையில் நம் வக்கீல் ஆபீஸிலிருந்து கிரயப் பத்திரத்தின் டிராஃப்ட் வந்தது. நாலு எல்லையைச் சொல்லும் செக்குபந்தியில் "தெற்கில் பொதுப்பாதை" என்று இருந்தது. அம்மா நாற்பது வருஷம் கோலம் போட்டது வடக்கு வாசலில்! அப்படியே பதிவாகியிருந்தால் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு எல்லோரும் மறுபடி வந்து நிற்க வேண்டும். சர்வே எண், அளவு, நாலு எல்லை மூன்றையும் பழைய பத்திரத்தோடு வரிவரியாக ஒத்துப் பாருங்கள். யார் எழுதினாலும் சரி.

வக்கீலை மாற்றுவது உங்கள் உரிமை. வெறும் விற்பனைதான், கோர்ட்டில் வக்காலத்து (நமக்காக வழக்காட அவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) எதுவும் போடவில்லை என்பதால் அவரிடம் தடையின்மைக் கடிதம் வாங்கும் வேலையும் இல்லை. ஃபீஸ் பாக்கிக்காக வக்கீல் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்துவைக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2000-லேயே சொல்லிவிட்டது. ஃபீஸ் தகராறு வேறு, பத்திரம் வேறு. இந்த விஷயத்தை இரண்டாவது கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்தேன்.

புகார் என்று வந்தால், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகாதீர்கள். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. வக்கீல்கள் சட்டம் 35-ஆம் பிரிவின்படி தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு எழுதலாம். கண்டிப்பார்கள், சஸ்பெண்ட் செய்வார்கள், பெயரையே நீக்கவும் செய்யலாம். நஷ்டப் பணம் வேண்டுமென்றால் சிவில் கோர்ட்தான். என்னைக் கேட்டால் முதலில் விற்று முடியுங்கள், சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கடிதம் போன ஐந்தாம் நாள் ஜூனியர் பையன் மஞ்சப்பையோடு வீட்டுக்கே வந்தான். ஒவ்வொன்றாக எண்ணினேன், பட்டா இல்லை. அதை ஆன்லைனிலேயே எடுத்துக்கொள்ளலாம், பெரிய விஷயமில்லை. ஆனாலும் அவன் நீட்டிய நோட்டில் "பட்டா வரவில்லை" என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.