பம்ப் அடிக்கத் தெரியாத புள்ளைக்கு போத்தல் ஸ்பேசர்

ஹட்டன் பக்கம் பனியும் லயத்து அடுப்புப் புகையும் சேந்தா புள்ளைகளுக்கு இழுப்பு வந்துருது, டாக்டர் பம்ப் (இன்ஹேலர்) குடுத்தாலும் அமுக்குற நேரத்துக்கு மூச்சு இழுக்க சின்னதுகளுக்கு வராது. அதுக்குத்தான் ஸ்பேசர், பம்புக்கும் வாய்க்கும் நடுவுல மருந்தைப் பிடிச்சு வைக்கிற கூடு, புள்ள மெதுவா இழுத்துக்கலாம். தென்னாப்பிரிக்கா டாக்டர் ஹெதர் ஜார் குழுதான் 500 மில்லி பிளாஸ்டிக் போத்தல்ல செஞ்ச ஸ்பேசரும் கடை ஸ்பேசர் மாதிரியே வேலை செய்யுதுன்னு 1999ல காட்டினாங்க, ஏழை வீட்டுப் புள்ளைகள நெனச்சு செஞ்ச பெரிய வேலை அது.

போத்தலை சோப்புத் தண்ணில கழுவி, துடைக்காம காய விடுங்க. கம்பியை சூடாக்கி அடியில பம்ப் வாய் அளவுக்கே ஓட்டை போடுங்க, பெருசாப் போனா மருந்து வெளிய போயிரும், இடைவெளி இருந்தா டேப் சுத்தி அடைச்சிருங்க. பம்பை குலுக்கி மாட்டி, புள்ள போத்தல் வாயை உதட்டால இறுக்கிப் பிடிச்சதும் ஒரே ஒரு தடவை அமுக்குங்க, அஞ்சாறு மூச்சு மெதுவா எடுக்கட்டும். அடுத்த அமுக்குக்கு மறுபடி குலுக்கணும். பேச முடியாம திணறினா உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க.