நிலாவெளியில் சுழியோடப் பழகுபவர்களுக்கு: மலைப்பயணத்தைத் தள்ளி வையுங்கள்

ஊருக்குப் போகும்போது திருகோணமலைப் பக்கம் நின்று காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் சுழியோடப் பழகலாம் என்று நினைத்தால், நல்ல எண்ணம். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் புறாத்தீவு இருக்கிறது. 2003 இல் தேசியப் பூங்காவான சின்னத் தீவு. பவளப்பாறை, கருமுனைச் சுறா, குளிராத தண்ணீர். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். மார்கழி, தை விடுமுறையில் போகிறவர்கள் இந்தக் கரையை மறந்துவிடுங்கள், அது வாடைக்காற்றின் காலம். தீவுக்கான நுழைவுச்சீட்டு வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு வெளிநாட்டு விலைதான். இங்கேதான் பிறந்தேன் என்று சொல்லிப் பயனில்லை. மனம் நோகும், ஆனாலும் கட்டிவிட்டுப் போங்கள்.

ஓப்பன் வோட்டர் என்ற முதல்நிலைப் பயிற்சியில் பாடம், ஆழமில்லாத தண்ணீரில் பழக்கம், பிறகு கடலில் நான்கு சுழியோட்டம். 18 மீற்றருக்குக் கீழே விடமாட்டார்கள். பாடத்தை வெளிக்கிடும் முன்பே இணையத்தில் முடித்துவிடலாம். ஆஸ்துமா போல ஏதாவது இருந்தால் மருத்துவப் படிவத்தில் வைத்தியர் ஒப்பமிட வேண்டும், அதையும் உங்கள் குடும்ப வைத்தியரிடமே வாங்கிக்கொண்டு போங்கள். தடிமன் பிடித்திருந்தால் இறங்க வேண்டாம், காது தாங்காது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

மாமியின் மகள் நுவரெலியாவில் வீடு கட்டிக் குடிபூரல் வைத்தாள். நான் வரும் திகதியைக் கேட்டுத்தான் நாளே பார்த்தார்கள். இடையில், நான் பழகிய இடத்தில் சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் கம்பிரசர் பழுதாகிவிட்டது. கடைசி இரண்டு சுழியோட்டமும் தள்ளிப்போய்க் குடிபூரலுக்கு முதல் நாள் மத்தியானத்தில் வந்து நின்றன. அன்றிரவே வான் வெளிக்கிடுகிறது.

ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடும். அது மெல்ல வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் சுற்றியுள்ள அழுத்தம் குறைந்தால், மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரி உடம்புக்குள் குமிழி கட்டும். மூட்டுவலி, விறைப்பு, சிலருக்குக் கால் வழங்காமலே போகும். அதனால்தான் ஒரு தடவை இறங்கினால் 12 மணித்தியாலம், பல தடவை இறங்கினால் குறைந்தது 18 மணித்தியாலம் விமானம் ஏற வேண்டாம் என்கிறார்கள். 24 என்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. விமானத்தை எல்லோரும் நினைவில் வைக்கிறோம், மலையை யாரும் நினைப்பதில்லை. பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் 2,400 மீற்றர் உயரம் வரையிலான மலையில் இருப்பது போன்றது. நுவரெலியா 1,868 மீற்றர். கண்டியே ஏறக்குறைய 500.

இதை மாமிக்கு விளங்கப்படுத்தத்தான் என்னால் முடியவில்லை. “கடலுக்கும் மலைக்கும் என்ன தம்பி சம்பந்தம்? வர விருப்பமில்லை எண்டு சொல்லு” என்றார். மாமாதான் எனக்காகப் பேசினார். கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டரோடு இறங்கிக் கால் முடங்கியவர்களை அவர் பார்த்திருக்கிறார். அதைக் கேட்டதும் மாமிக்குக் கோபத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. “அப்ப ஏன் இறங்கினனீ?” அதற்கு நான் என்ன சொல்ல?

வான் நானில்லாமல் போனது. அடுத்த நாள் பின்னேரம் தனியாகப் புறப்பட்டு நான் போய்ச் சேர்ந்தபோது பால் காய்ச்சி, பந்தி முடிந்து, வாடகைக் கதிரைகளையும் ஏற்றிவிட்டார்கள். “வந்ததே பெரிசு” என்று சொல்லிச் சோறு போட்டார் மாமி. வெளிநாடு போன பிறகு அந்த வீட்டில் நடந்த ஒரு நல்லது கெட்டதுக்கும் நான் நின்றதில்லை. இதற்காவது நிற்பேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாராம்.

ஆகவே கடலை முதலில் வையுங்கள், மலையைக் கடைசியில். நடுவில் இரண்டு நாளாவது வெறுமையாக விடுங்கள், படகோ இயந்திரமோ பழுதானால் அந்த நாட்கள் கைகொடுக்கும். அந்த நாட்களில் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று என்று திருகோணமலையிலேயே நிற்கலாம். வீதியால் நேரே கொழும்புக்குப் போகிறவர்கள் கண்டிப் பாதையை விட்டு ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகப் போங்கள். நாள் போதாவிட்டால் மிச்சச் சுழியோட்டத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கலாம். 12 மாதத்துக்குள் வேறு நாட்டிலும் முடிக்க அது செல்லும். வீட்டுக்காரருக்கு இந்த 24 மணித்தியாலக் கதையை, அவர்கள் நாள் பார்க்க ஐயரிடம் போகும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.