ஆவிலாவிலிருந்து செகோவியாவுக்கு: குளிர் நாளில் சைக்கிளில் போவது எப்படி

ஸ்பெயின் என்றதும் வெயிலும் கடற்கரையும்தான் நினைவுக்கு வரும். அந்த நினைப்போடு நவம்பரில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு நடு ஸ்பெயினின் காஸ்டீல் பீடபூமியில் இறங்கினால், முதல் அரை மணி நேரத்திலேயே பல் தந்தியடிக்கும். அங்கே உள்ள ஆவிலா நகரம் கடல்மட்டத்துக்குச் சுமார் 1,130 மீட்டர் மேலே இருக்கிறது, செகோவியா சுமார் 1,000 மீட்டர். "ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம்" என்று அந்தப் பக்கத்து ஆட்களே ஒரு சொலவடை வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று மாதத்தில் நிழலே இல்லாத ரோட்டில் வேகுவதைவிட மீதி ஒன்பதில் போவதே மேல் என்பது என் கட்சி. இரண்டு ஊருக்கும் நடுவே ஏறத்தாழ 65 கி.மீ., வழி பெரும்பாலும் என்-110 சாலை. மூட்டை முடிச்சோடு மெதுவாக மிதித்தாலும் நாலரை, ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். குளிரில் ஓட்டுவது எளிது, நிற்பதுதான் ஆபத்து. நான் முதல் தடவை போனபோது இருந்த துணியையெல்லாம் மாட்டிக்கொண்டு ஆவிலாவை விட்டுக் கிளம்பினேன். பத்து கிலோமீட்டருக்குள் உள்சட்டை வேர்வையில் ஊறிவிட்டது. அது தெரியாமல், திரும்பிப் பார்த்தால் ஆவிலாவைச் சுற்றி நிற்கும் பழைய மதில் சுவர் அழகாக இருக்கிறதே என்று நின்று இருபது நிமிஷம் படம் எடுத்தேன். அப்புறம் ஏறி உட்கார்ந்தால் உடம்பு நடுங்குகிறது, விரல்கள் பிரேக்கைப் பிடிக்க மறுக்கின்றன. அன்று முழுக்க அந்த ஈரம் என்னை விடவில்லை.

அதனால் கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். "இன்னும் ஒரு சட்டை போட்டிருக்கலாமோ" என்று தோன்றினால் அதுதான் சரியான அளவு, பத்து நிமிஷம் மிதித்தால் சரியாகிவிடும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை பனியன். பருத்தி மட்டும் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. அதன் மேல் ஒரு முழுக்கைச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். மேட்டில் ஜாக்கெட்டைக் கழற்றுங்கள், இறக்கத்தின் உச்சியில், இறங்கத் தொடங்குவதற்கு முன்பே, திரும்ப மாட்டுங்கள். சோம்பல்பட்டு விட்டுவிடுவது இங்கேதான். வெப்பமானி 5 டிகிரி காட்டினாலும் மணிக்கு 30 கி.மீ. காற்று முகத்தில் அடிக்கும்போது தோலுக்கு அது 0 டிகிரி மாதிரிதான் இருக்கும், இறக்கத்தில் அந்தக் காற்றை நீங்களே உண்டாக்குகிறீர்கள். பையின் மேல்பக்கத்தில், சட்டென்று கைக்கு எட்டும்படி, ஒரு காய்ந்த பனியனும் ஒரு ஜோடி காய்ந்த கையுறையும் இருக்கட்டும். அடியில் வைத்தால் நடுரோட்டில் மூட்டையைப் பிரிக்க மனசு வராது.

இன்னொரு பழைய தந்திரம்: காலையில் கடையில் ஒரு செய்தித்தாள் வாங்கி, நாலாக மடித்து, நெஞ்சுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே செருகிக்கொள்ளுங்கள். ஆல்ப்ஸ் மலையில் பந்தயம் ஓட்டியவர்கள் இறக்கத்தில் செய்தது இது. சிரிப்பாக இருக்கும், ஆனால் காற்று உள்ளே வராது. தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ராத்திரி வேலை இருக்கிறது.

எந்தப் பக்கமிருந்து போவது என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். ஆவிலாவிலிருந்து செகோவியா கிட்டத்தட்ட வடகிழக்கில் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து காற்று அடித்தால் நாள் முழுக்க முதுகில் கைவைத்துத் தள்ளும், ஆனால் அந்தக் காற்று மழையையும் கூட்டிவரலாம். வடகிழக்குக் காற்று என்றால் வானம் பளிச்சென்று இருக்கும், குளிர் ஊசி மாதிரி குத்தும், 65 கி.மீ.யும் எதிர்க்காற்று. அப்படிப்பட்ட நாளில் செகோவியாவில் தொடங்கி ஆவிலாவுக்கு வாருங்கள். ஸ்பெயின் அரசின் வானிலை நிறுவனமான ஆயெமெட் ஊர் வாரியாக மணிக்கணக்கில் காற்றுத் திசை போடுகிறது, முந்தின ராத்திரி அதைப் பார்த்தால் போதும். மாட்ரிட்டிலிருந்து ஆவிலாவுக்குச் சாதாரண ரயிலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்தான். சைக்கிள் வைக்கும் இடம் கொஞ்சம்தான் என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். செகோவியாவுக்கு அதிவேக ரயில் இருக்கிறது, ஆனால் அதில் சைக்கிளை அப்படியே உருட்டி ஏற்ற முடியாது, மடித்தோ பிரித்துப் பையில் கட்டியோதான் கொண்டுபோக வேண்டும்.

நவம்பர் கடைசியில் எட்டு மணிக்கு மேல்தான் விடிகிறது, ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. அதற்காக விடிந்ததும் கிளம்ப வேண்டாம். ராத்திரி உறைந்த ஈரம் ரோட்டில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படலமாகக் கிடக்கும், அதிலும் பாலத்தின் மேல், மர நிழலில், மேட்டின் வடக்குச் சரிவில் வெயில் ஏறின பிறகும் கிடக்கும். அந்த இடத்தில் பிரேக்கைத் தொடாதீர்கள், வளைக்காதீர்கள், மிதிப்பதை நிறுத்திவிட்டு நேராக உருண்டு தாண்டுங்கள். ஒன்பதரைக்குக் கிளம்பினால் இந்தத் தலைவலி பெரிதும் குறையும். அதுவரை சூடாக ஒரு கஃபே கான் லெச்சே, அதாவது பால் காபி, குடித்துவிட்டு மதிலைப் பாருங்கள். சுற்றளவு சுமார் 2.5 கி.மீ., ஒன்பது வாசல், எண்பதுக்கும் மேற்பட்ட கோபுரங்கள். புனித தெரேசா 1515இல் பிறந்த ஊர் இது. அவர் பேரில் விற்கும் மஞ்சள் கரு இனிப்பான யேமாஸில் ஒரு டப்பா வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வழியில் கையுறையைக் கழற்றாமலே வாயில் போடலாம்.

ரோட்டு விதிகளில் முக்கியமானவை: ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். காதில் ஹெட்போன் கூடாது. மதுவுக்கு வண்டிக்காரர்களுக்கு உள்ள வரம்பு உங்களுக்கும் உண்டு, மதியச் சாப்பாட்டோடு ஒயின் குடுவை மேஜைக்கு வரும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும். இருட்டினாலோ பனிமூட்டம் இறங்கினாலோ விளக்கோடு ஒளி பிரதிபலிக்கும் மேலாடையும் வேண்டும், நான் பகலிலேயே இரண்டையும் போட்டுக்கொண்டேன். சாலை ஓரப் பட்டை ஓட்டும்படி இருந்தால் அதிலேயே போக வேண்டும். உங்களைத் தாண்டும் வண்டி குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். அவசரத்துக்கு எண் 112.

கிட்டத்தட்டப் பாதி வழியில் வியாகாஸ்தீன் என்ற ஊர் வரும். நாளின் பெரிய நிறுத்தம் அங்கேதான். ஸ்பெயினில் மதியச் சாப்பாடு ஒன்றரை, இரண்டு மணிக்கு முன் அடுப்பேறாது, பன்னிரண்டு மணிக்குப் பசியோடு போய் நின்றால் காபியும், முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த ஆம்லெட்டான தோர்த்தியா ஒரு துண்டும்தான் கிடைக்கும். கடைகளும் இரண்டிலிருந்து ஐந்து வரை பூட்டிக் கிடக்கும், பிஸ்கட், வாழைப்பழம் வாங்குவதென்றால் ஆவிலாவிலேயே வாங்கிவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் உட்காராதீர்கள், நேராகக் கழிப்பறைக்குப் போய்க் காய்ந்த பனியனுக்கு மாறுங்கள், ஈரமானதை ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் தொங்கவிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மெனு டெல் டீயா என்றால் முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, குடிக்க ஒன்று, இனிப்பு அல்லது காபி என்று முழுச் சாப்பாடு. முதல் தட்டில் சோபா காஸ்தெயானா என்ற சூப் இருந்தால் யோசிக்காமல் சொல்லுங்கள். பூண்டு, மிளகாய்த்தூள் மாதிரியான பிமென்தோன், ஊறின ரொட்டி, முட்டை என்று கொதிக்கக் கொதிக்க வரும், நம்ம பூண்டு ரசத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. சைவம் சாப்பிடுபவர்கள் கவனம்: "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, பன்றித் தொடைத் துண்டுகளான ஹாமோனைப் பலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதையும் தனியாகப் பேர் சொல்லி மறுங்கள்.

சாப்பிட்ட பிறகு முதல் பத்து நிமிஷம் கொடுமை, ரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய்விட்டது போலக் கைகால் சில்லிட்டுவிடும். சின்ன கியரில் வேகமாகக் காலைச் சுற்றுங்கள், உடம்பு திரும்பச் சூடாகும். வலது கைப்பக்கம் குவாதர்ராமா மலைத்தொடர் கூடவே வரும், உச்சியில் வெள்ளை தெரிந்தால் நின்று பார்க்க ஆசையாக இருக்கும். பாருங்கள், ஆனால் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஐந்து நிமிஷம் மட்டும். செல்போனைக் கைப்பிடியில் மாட்டிவைத்தால் குளிரில் பேட்டரி மடமடவென்று இறங்கும், அதை நெஞ்சுப் பக்கப் பையில் வையுங்கள். வழிதான் ஒரே சாலையாயிற்றே.

செகோவியாவுக்குள் நுழைந்ததும் அவசரப்படாதீர்கள். பழைய தெருக்கள் கல் பாவியவை, ஈரமானால் சோப்புத் தடவின மாதிரி வழுக்கும். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த நீர்ப்பாலம் நிற்கும் அசோகேஹோ சதுக்கத்திலிருந்து மேலே கதீட்ரல் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்துவிடுங்கள். அந்தச் சதுக்கத்தில்தான் பாலத்தின் உயரம் அதிகம், 28 மீட்டர். ரோமர்கள் கருங்கல்லைச் சுண்ணாம்பு, காரை எதுவும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது, ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. ஐந்து மணி வாக்கில் வந்தால் கடைசி வெயில் கல்லில் விழும், பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆனால் மறுபடியும் நின்றுவிட்டீர்கள், பனியன் ஈரம்.

அறைக்குப் போனதும் முதலில் சைக்கிள் எங்கே தூங்கும் என்று கேட்டு வையுங்கள், இதை அறை பிடிக்கும்போதே கேட்டிருந்தால் இன்னும் நல்லது. செயினைத் துணியால் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், ஐஸ் உருகத் தூவும் உப்பு அதில் ஒட்டியிருக்கும். ஷூவை ஹீட்டர் மேல் ஏற்றி வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும். காலையில் நெஞ்சில் செருகின செய்தித்தாளை எடுத்துக் கசக்கி உள்ளே திணித்துவிட்டுச் சாப்பிடப் போங்கள், திரும்பி வந்ததும் ஈரத் தாளை எடுத்துவிட்டு மீதிப் பக்கங்களைத் திணியுங்கள்.