லைன் நின்றால் உடனே லேப்டாப்பைத் திறக்காதீர்கள்

கார் ஆலையில் ஆட்டோமேஷன் இன்ஜினியராகச் சேருகிறவர்கள் பலரும் பிஎல்சி (மெஷின்களை இயக்கும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்) ப்ரோகிராமிங் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். புது லைன் போடும்போது அது சரி. ஓடுகிற லைனில் உங்கள் முக்கியமான வேலை, நின்றுபோன ஸ்டேஷன் எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். பல ஆலைகளில் சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒரு கார் என்ற வேகத்தில் லைன் ஓடும், அதனால் எங்கே தேடுவது என்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும்.

நேற்று வரை நன்றாக ஓடிய ப்ரோகிராம் தானாக மாறாது. யாரும் கை வைக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். காரின் உடலை வெல்டிங் செய்யும் பாடி ஷாப்பில் ஸ்பாட் வெல்டிங்கில் தெறிக்கும் பொறி, பார்ட் எதிரே இருக்கிறதா என்று உணரும் ப்ராக்ஸிமிட்டி சென்சாரின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும், பார்ட்டைப் பிடிக்கும் க்ளாம்ப் முழுதாக மூடியிருக்காது, காற்றழுத்தம் இறங்கியிருக்கும், இல்லையென்றால் ரோபோ கையோடு சேர்ந்து நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே ஓடும் கேபிள் உள்ளுக்குள் அறுந்திருக்கும் (மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கை ஒரு குறிப்பிட்ட நிலைக்குப் போகும்போது மட்டும் சிக்னல் விட்டுப்போகும்).

ஆகவே முதலில் ஸ்டேஷனுக்கு நடந்து போங்கள். மெஷின் நிலையைக் காட்டும் ஹெச்எம்ஐ திரையில் அலாரங்களை நேர வரிசையில் பார்த்து, முதலில் வந்ததைப் பிடியுங்கள், பின்னால் வந்தவை பெரும்பாலும் அதன் விளைவுதான். ஆபரேட்டரிடம் கடைசியாக என்ன நடந்தது என்று கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருப்பது எந்தத் திரையிலும் வராது. அப்புறம் சென்சார் விளக்கு. பார்ட் எதிரே இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால் சென்சார், அதன் இடைவெளி, 24 வோல்ட் சப்ளை. விளக்கு எரிந்தும் பிஎல்சி இன்புட் வரவில்லை என்றால் ஒயர் அல்லது சிக்னலை பிஎல்சிக்குக் கொடுக்கும் ஐஓ மாட்யூல். இரண்டும் சரி என்றால் இப்போது லேப்டாப். வராத அவுட்புட்டிலிருந்து க்ராஸ் ரெஃபரன்ஸ் (ஒரு சிக்னல் ப்ரோகிராமில் எங்கெல்லாம் வருகிறது என்ற பட்டியல்) வைத்துப் பின்னோக்கி வாருங்கள், எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஷிஃப்டுக்கு ஒரு தடவை மட்டும் வந்துபோகும் கோளாறுதான் ஆளை வாட்டும். சில மில்லிசெகண்ட் விட்டுப்போகும் சிக்னல் திரையில் தெரியாது. சந்தேகப்படும் ஒவ்வொரு சிக்னலுக்கும் ப்ரோகிராமில் ஒரு பிட் (ஆன்/ஆஃப் குறி) வையுங்கள், சிக்னல் இருக்கவேண்டிய ஸ்டெப்பில் அது ஒரு தடவை விழுந்தாலும் பிட் செட் ஆகி, நீங்கள் ரீசெட் செய்யும் வரை நிற்கட்டும். சிக்னலை நேரத்தோடு பதிவுசெய்யும் ட்ரேஸ் வசதி இருந்தால் இன்னும் நல்லது. தயவுசெய்து டைமரைக் கூட்டிவிட்டுக் கோளாறை மூடாதீர்கள், சைக்கிள் டைம் (ஒரு சுற்று வேலைக்கு ஆகும் நேரம்) கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவிடும், காரணமும் யாருக்கும் தெரியாது.

பாதுகாப்பில் சமரசமே வேண்டாம். ஆள் குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் லைட் கர்ட்டனையோ கேட் ஸ்விட்சையோ ஜம்பர் ஒயர் போட்டு ஏமாற்றச் சொன்னால், யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். வேலிக்குள் இருக்கும் ரோபோ செல்லுக்குள் இறங்கி வேலை செய்யும்போது உங்கள் பூட்டு, மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசோலேட்டரில் தொங்க வேண்டும், காற்றையும் இறக்கியிருக்க வேண்டும், மேலே தூக்கி நிற்கும் லிஃப்டரை லாக் பின் போட்டுத் தாங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் கரன்ட் போன பிறகும் எடை கீழே வரும். ரோபோவை டீச் செய்வது (போகவேண்டிய நிலைகளைச் சொல்லிக்கொடுப்பது) டி1 என்ற மெதுவான மோடில் மட்டும், அதில் வேகம் விநாடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் போகாது.

ப்ரோகிராம் மொழி விஷயத்தில் என் கருத்து: பெரிய கணக்குக்கு எழுத்தில் எழுதும் ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட், மெஷின் சீக்வென்ஸுக்கு மின்சுற்று வரைபடம் போல வரையும் லேடர். 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) பேனல்களுக்கு மாற்று கேட்டதிலிருந்துதான் மோடிகான் 084 என்ற பிஎல்சி பிறந்தது, ரிலே வரைபடம் படித்த எலக்ட்ரீஷியனுக்கு லேடர் உடனே புரிந்தது. இன்றும் நள்ளிரவு ஷிஃப்டில் உங்கள் ப்ரோகிராமைப் படிப்பது அவர்தான். அதே காரணத்தால் எலக்ட்ரிக்கல் ட்ராயிங் படிக்க நீங்களும் பழகுங்கள்.

ப்ரோகிராமை மாற்றியே ஆகவேண்டும் என்றால், பிஎல்சியில் ஓடுவதும் கையிலிருக்கும் காப்பியும் ஒன்றா என்று ஒப்பிட்டு, பேக்கப் எடுத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். லைனில் ஓடும் எல்லா மாடலையும் ஓட்டிப் பாருங்கள், ஒரு மாடலுக்குச் சரியான திருத்தம் இன்னொன்றை நிறுத்திவிடும். ஃபோர்ஸ் செய்த (கையால் ஆன் அல்லது ஆஃபில் நிறுத்திவைத்த) சிக்னல்களை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். தேதியும் காரணமும் கமென்ட்டில் எழுதி, புதிய காப்பியை சர்வரில் போட்டு, அடுத்த ஷிஃப்ட் ஆளிடம் நேரில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.