அஜந்தாவில் புத்தரின் வாழ்க்கையை ஓவியங்களில் பார்ப்பது எப்படி?

அஜந்தா போகிறவர்களில் பலர் 1ஆம் குகையில் பத்மபாணியைப் பார்த்துவிட்டு, மற்ற குகைகளில் எல்லாம் தலையைக் காட்டிவிட்டு, "உள்ளே ஒரே இருட்டு, ஒன்றும் புரியவில்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். அங்கே முப்பது குகைகள் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள். புத்தரின் வாழ்க்கைதான் வேண்டும் என்றால் ஐந்து போதும்: 2, 1, 16, 17, 26. எண் வரிசையை மாற்றிப் போட்டிருப்பது தெரிந்தேதான், அவர் வாழ்க்கை நடந்த வரிசை இது.

திங்கட்கிழமை விடுமுறை. தனி வண்டியில் வந்தாலும் சுமார் 4 கிலோமீட்டர் முன்னால் நிறுத்திவிட்டு அங்கிருந்து பேருந்தில்தான் போக வேண்டும். செருப்பை அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும், அதனால் சுலபமாகக் கழற்றுகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் சுவரைப் பார்க்காதீர்கள். நடுக் கூடத்தில் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகியதும் முகங்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். கைப்பேசி வெளிச்சத்தை அடிக்கவே அடிக்காதீர்கள். உமியும் நாரும் கலந்த மண் பூச்சு, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்பு, அது காய்ந்த பிறகு தீட்டிய வண்ணம். ஈரச் சுவரில் தீட்டியது போல நிறம் உள்ளே இறங்கியிருக்காது, அதனால் எளிதில் உதிரும். சில இடங்களில் தெரிகிற மஞ்சள் மினுமினுப்பு ஓவியர்கள் வைத்ததல்ல, 1920களில் பாதுகாப்புக்கென்று பூசிய அரக்கு வார்னிஷ்.

இன்னொன்று, இடமிருந்து வலமாகக் கதை படிக்கப் பார்த்தால் குழம்பிவிடுவீர்கள். ஒரே ஆள் ஒரே சுவரில் நான்கு முறை வருவார். தூண், வாசல், மரம் இவைதான் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே கோடு. பாத்திரங்கள் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்களோ அந்தப் பக்கம் கதை நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர்களில் பெரும்பகுதி ஜாதகக் கதைகள், அதாவது புத்தரின் முற்பிறவிகள். பத்மபாணி ஒரு போதிசத்துவர், அதாவது புத்த நிலையை நோக்கிப் போகிறவர், சித்தார்த்தர் அல்ல.

சரி, 2ஆம் குகையின் இடது சுவரில் தொடங்குங்கள். புத்தரின் தாய் மாயாதேவி கண்ட கனவும், மரக்கிளையைப் பிடித்து நின்றபடி பிள்ளை பெறுவதும் இங்கே. தூணில் சாய்ந்து ஒரு காலை மடித்து நிற்கும் பெண்ணையும் தேடுங்கள். அப்புறம் ஒரு குகை பின்னால் வந்து 1ஆம் குகையின் கருவறைக்கு முன்னறை, இடது பக்கம்: ஞானம் பெறுவதைத் தடுக்க வந்த மாரனின் படை சூழ்ந்து ஆர்ப்பரிக்க, நடுவில் புத்தர் ஒரு கையால் நிலத்தைத் தொட்டபடி அசையாமல் இருக்கிறார்.

16ஆம் குகையில் புத்தரின் தம்பி நந்தன் துறவியான கதை. அவனுடைய மகுடத்தை ஒருவன் கையில் ஏந்தி வந்து நிற்கிறான். அதைக் கண்ட மனைவி தலை தொங்கிச் சரிகிறாள், தோழி பின்னாலிருந்து தாங்குகிறாள். அந்தக் கழுத்தையும் துவண்ட விரல்களையும் மட்டும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

17இல் என்னை ஒவ்வொரு முறையும் பிடித்து நிறுத்துவது, புத்தர் தன் சொந்த ஊரான கபிலவஸ்துவுக்குத் திரும்பி வந்த காட்சி. பிச்சைப் பாத்திரத்தோடு அவர் மலை போல் உயர்ந்து நிற்க, யசோதரையும் ராகுலனும் அவர் காலடியில் இத்தனூண்டு உருவங்களாக அண்ணாந்து பார்க்கிறார்கள். பக்கத்தில் போகாமல் முதலில் தள்ளி நின்று அந்த அளவு வித்தியாசத்தைப் பாருங்கள், பிறகு அருகே போய்ப் பிள்ளையின் முகத்தை. மகனை முன்னால் தள்ளிவிடும் அந்தத் தாய்க்கு அவர் இன்னும் கணவர்தான்.

கடைசிக் காட்சியான புத்தரின் மறைவு ஓவியமல்ல, சிற்பம். 26ஆம் குகையின் இடது சுவரோரம் சுமார் 7 மீட்டர் நீளத்தில் புத்தர் வலப்பக்கம் சாய்ந்து கண்மூடிப் படுத்திருக்கிறார். தலைமாட்டில் தொடங்கிக் கால்மாடு வரை மெதுவாக நடந்து பாருங்கள். கீழே வரிசையாக உட்கார்ந்து சீடர்கள் அழுகிறார்கள், மேலே தேவர்கள் அவரை வரவேற்க வந்துகொண்டிருக்கிறார்கள்.