அப்பா பெயர்க் கட்டத்தில் யாரையாவது எழுதிவிடாதீர்கள்

தண்டையார்பேட்டையில் மனு எழுதித் தருகிறேன். இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ சேர்ந்து பிள்ளை வளர்க்கும் வீடுகள் திருவொற்றியூரிலும் உண்டு, வியாசர்பாடியிலும் உண்டு. புதிதாகப் பெற்றோர் ஆகிறவர்கள், எங்கள் வயதுக்காரர்கள் அன்று செய்த பிழைகளையே செய்துவிட்டுத் தாள்களோடு வருகிறார்கள். அசலை மறந்து வருவது, எழுத்துப்பிழை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைத் திருத்திக்கொள்ளலாம்.

இல்லாத அப்பாவை எழுதுவது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் மூட்டுவது இதுதான். இது பிரசவத்தன்று தொடங்குவதில்லை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி எண் எனும் கர்ப்பப் பதிவு எண் வாங்கப் போகும்போதே செவிலியர் கணவர் பெயர் கேட்பார். பின்னால் பக்கத்துத் தெருப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அந்தக் கூச்சத்தில் தெரிந்த ஆண் ஒருவரின் பெயர் வாயில் வந்துவிடும். அங்கிருந்து அது மருத்துவமனைப் பதிவேட்டுக்கும், பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் போய்விடும்.

ராயபுரத்தில் ஒரு பெண்ணும் அவருடைய துணைவியும் இப்படித்தான் நண்பர் ஒருவரின் பெயரைக் கொடுத்தார்கள். அவரும் மனமுவந்து சம்மதித்தார். பிறகு அவருக்குத் திருமணமானது. பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது தந்தையின் சம்மதக் கையெழுத்து தேவைப்பட்டது. அவருடைய மனைவி வீட்டார் விடவில்லை. தாளின்படி பிள்ளை அவருடைய வாரிசு. நாளை சொத்தில் பங்கு கேட்டால் என்ன செய்வது என்ற அச்சம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெயரை நீக்கப் பதிவாளரிடம் போனால் நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றார். வழக்குக்கு அந்த நண்பர் வரவேண்டும். அவரோ தொலைபேசியை எடுப்பதில்லை. இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த அலைச்சலுக்குத் தேவையே இருக்கவில்லை. திருமணமாகாத தாய் தந்தையின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, பிரமாணப் பத்திரம் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்று 2015 ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகளும் மாறி, பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்றாகிவிட்டது. பதிவுக்குப் பொய்த் தகவல் தருவது குற்றமும்கூட. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அதில் விழுந்த பெயர் பள்ளி, ஆதார் என்று எல்லா இடத்துக்கும் பிள்ளையோடு போகும்.

செவிலியரிடம் “நான் தனித்தாய்” என்று சொல்லுங்கள். பிரமாணப் பத்திரத்தையும் தீர்ப்பின் நகலையும் எட்டாம் மாதத்திலேயே பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனை தகவலை அனுப்புவதற்கு முன்பே படிவத்தைக் கேட்டு வாங்கி, அப்பா பெயர்க் கட்டத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். எழுத்தர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

நண்பரிடம் வீட்டிலேயே விந்தணு பெறுவது

வேண்டாம். பதிவு பெற்ற மையத்தின் வழியாகப் போனால், செயற்கைக் கருத்தரிப்பு குறித்த 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடையாளருக்குப் பிள்ளைமீது எந்த உரிமையும் இல்லை.

நோட்டரி முத்திரையை நம்புவது

பாரிமுனையில் முத்திரைத்தாளில் ‘இருவரும் பெற்றோர்’ என்று ஒப்பந்தம் எழுதி வாங்கி வருகிறார்கள். ஒப்பந்தத்தால் யாரும் பெற்றோர் ஆக முடியாது.

தம்பதியாகத் தத்தெடுக்க விண்ணப்பிப்பது

முடியாது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அந்தக் கதவை மூடியது. தனிநபராகப் போகலாம் என்பவர்கள், துணையோடு சேர்ந்து வாழும் தனிநபரை ஏற்பதில்லை என்று, தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான காரா 2022 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கையை வழக்கறிஞரிடம் காட்டிப் பேசிவிட்டுப் போங்கள். தனி ஆணுக்குப் பெண் குழந்தையைத் தத்துக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை.

உயிலைத் தள்ளிப்போடுவது

பெற்றவர் இறந்துவிட்டால், ராத்திரி பகலாக அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்த மற்றவர் சட்டத்தின் முன் அந்நியர். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு இந்துத் தாய் உயில் வழியாகக் காப்பாளரை நியமிக்கலாம். இந்துக் காப்பாளர் குறித்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. மற்ற மதத்தவர் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றம் போகவேண்டிவரும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். சாட்சிகளில் ஒருவர் பெற்றவரின் உடன்பிறந்தவராக இருந்தால் நல்லது. பின்னால் எதிர்த்து வழக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டார்தான்.

பொய்யாக எழுதிய அப்பா இங்கேயும் வந்து நிற்பார். தாளில் தந்தை என்று ஒருவர் உயிரோடு இருந்தால் அவர் உரிமை கோரி முன்னால் வரலாம். தாயின் உயில் சிக்கலில் மாட்டலாம்.

நாமினியை வாரிசு என்று நினைப்பது

துணையுடன் கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினி ஆக்கவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் ஒன்றிய நிதி அமைச்சகம் தெளிவாக்கியது. ஆனால் நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. அதற்கும் உயில் வேண்டும்.

பள்ளிப் படிவத்தில் ‘சித்தி’

உறவைப் பொய்யாக எழுதினால், சிக்கல் வரும் நாளில் அதற்குச் சான்று கேட்பார்கள். ‘தாயின் அதிகாரம் பெற்றவர்’ என்று எழுதி, தாயின் கையெழுத்திட்ட கடிதத்தையும் அடையாள அட்டை நகலையும் இணையுங்கள். வகுப்பாசிரியர் மாறும்போது கடிதமும் தொலைந்துபோகிறது. ஒவ்வொரு ஜூனிலும் புதிதாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.